பேகன் போர்வையும் அப்பாயி கம்பளியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கறுப்புக் கம்பளியைப் பற்றி. தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், ஒரு தகரப் பெட்டிக்குள் அது அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. என் அப்பாயிக்கு அவருடைய தாய் கொடுத்த கம்பளி அது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு அதைக் கொடுக்க அப்பாயி மறுத்தார். அந்த மறுப்பை நான் முப்பது ஆண்டுகளாக மேடைகளில் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்திருக்கிறேன். நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அரைக் கதை. மீதி அரையைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மலையக மக்களின் வரலாற்றைக் கட்டளைச் சட்டங்களிலும் துரைமாரின் கடிதங்களிலும் தேடுகிறோம். தேட வேண்டியதுதான். ஆனால் அதே வரலாறு லயத்துக் காம்பராக்களில், தகரப் பெட்டிகளுக்குள் மடித்தும் கிடக்கிறது.

கம்பளிக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. வெயில் காய்ந்த சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மலைக் குளிர் புதியது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. தை, மாசி விடியற்காலைகளில் பனி உறைந்து கொழுந்து கருகிவிடும். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காட்டுப் பாதையில் நடந்து வந்த சனங்களில் வழியிலே மாண்டவர்கள் போக, மிஞ்சியவர்களுக்கு மலையில் காத்திருந்த அடுத்த எதிரி இந்தக் குளிர்தான். ஆகவே கம்பளி இல்லாமல் வேலை இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். அந்தக் கம்பளி துரைமாரின் பேச்சிலும் நுழைந்தது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் கம்பளி ஓர் ஆங்கிலோ இந்தியச் சொல்லாகவே இடம் பெற்றிருக்கிறது.

தோட்டத்தில் கொடுத்த கம்பளி இனாம் அல்ல. அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வது வழக்கம். கழிக்கப்பட்டது அது ஒன்று மட்டுமா? ஊரிலிருந்து கூட்டிவந்த செலவு, பெரியகங்காணி கொடுத்த முன்பணம், அரிசி, எல்லாமே கணக்கில் ஏறின. கடனோடு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். ஆளை எடுக்கும் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். ஆள் அந்தத் தோட்டத்துக்குக் கடனாளி ஆவான். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. கடன் ஒழியவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைத் தொடர்ந்து 1929இல் மேல்நாட்டுத் தோட்டங்களுக்கு வகுத்த நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்த 43 சதத்துக்குள்தான் ஒரு பெண்ணின் அரிசியும் துணியும் கம்பளியும் அடங்க வேண்டியிருந்தது.

அப்பாயி இங்கே வந்தது 1926 வாக்கில். கலியாணம் முடிந்து சில மாதம்; வயது பதினாறு. மண்டபம் முகாமில் வைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை மருந்து ஆவியில் போட்டு எடுத்தார்கள் என்று சொல்வார். பிறகு தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் கோச்சி. தலையில் இருந்த மூட்டையில் இந்தக் கம்பளி.

கம்பளி நெய்வது லேசான வேலை அல்ல. ஆட்டு மயிரைக் கத்தரித்து, கழுவிக் காயவைத்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்க வேண்டும். அதைப் பெண்கள் நூலாக நூற்பார்கள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய கஞ்சியைப் பாவு நூலில் பூசிக் காயவிடுவார்கள். பிறகுதான் குழித்தறியில் ஏறும். கருப்பு ஆட்டு மயிரானால் சாயமே வேண்டாம். அந்தக் கஞ்சியும் மயிரில் ஊறிய எண்ணெய்ப் பசையும் சேர்ந்து மழைத் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. குறும்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டிருந்த தொழில் இது.

அப்பாயியின் தாய் காசு கொடுத்து அந்தக் கம்பளியை வாங்கவில்லை. கையில் காசு இல்லை. சேலம் சில்லாவில் அவர்கள் ஊரில் ஆடு மேய்த்த ஒரு குடும்பத்துக்கு ஒரு பருவம் முழுவதும் கூலியில்லாமல் களை வெட்டிக் கொடுத்து, அதற்கு ஈடாக இரண்டு பட்டைகள் நெய்து வாங்கினாராம். இரண்டையும் நடுவில் இணைத்துத் தைத்தது அவர் கை. தன் கலியாணச் சேலையின் சிவப்புக் கரையிலிருந்து நூல் உருவி, அந்த நூலால் தைத்திருந்தார். கறுப்புக் கம்பளியின் நடுவே ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. அந்த முடிச்சுகளை எண்ணித்தான் நாங்கள் எண் படித்தோம். மொத்தம் பத்து.

அந்தக் கம்பளியைக் கொங்காணி போட்டு அப்பாயி மலைக்குப் போனதே இல்லை. வேலைக்குத் தோட்டத்துக் கம்பளிதான். இது பெட்டிக்குள் காய்ந்த புகையிலைத் துண்டுகளோடு இருக்கும். பொங்கலுக்கு மறுநாள் வெயிலில் போட்டு மடித்து வைப்பார். மற்றபடி வீட்டில் பிள்ளை பிறந்தால் மட்டும் வெளியே வரும். என் அப்பாவும் அத்தைமாரும், பிறகு நானும் என் தங்கைமார் மூவரும் பிறந்த அன்று முதலில் கிடத்தப்பட்டது அதில்தான்.

இனி நான் மேடையில் சொல்லிவந்த கதைக்கு வருகிறேன்.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுக்கும்; மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். லயத்தில் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் இருந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு நாட்டுக்கு மனுப்போட்டார்கள். எங்கள் வீடு இலங்கைக்கு எழுதியது. தாத்தாவின் தம்பி மகன், எனக்குச் சித்தப்பா முறை, மஸ்கெலியாப் பக்கத்தில் இருந்தவர், இந்தியாவுக்கு எழுதினார். பயணம் போகிறவர்கள் உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு போவது அன்றைய வழக்கம். அப்படித்தான் 1971 தை மாதம் சித்தப்பா குடும்பம் எங்கள் லயத்துக்கு வந்தது. ஏழு பேர். மூன்று இரவு.

வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர். காம்பராவிலும் இஸ்தோப்பிலுமாகப் பதினைந்து பேர் படுக்க வேண்டும். எங்களிடம் இருந்த இரண்டு தோட்டத்துக் கம்பளிகளையும் விருந்தாளிகளுக்குக் கொடுத்தோம். அவற்றில் நூலைவிட ஓட்டை அதிகம். எங்களுக்குச் சாக்கும் பழஞ்சேலையும். அன்றைக்கென்று பனி கடுமையாக இறங்கியது. சித்தப்பாவின் கடைசி மகனுக்கு ஐந்து வயது. இருமி இருமி, பல் கிட்டித்து நடுங்கினான். தாத்தா தகரப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அப்பாயியைப் பார்த்தார்.

“அதை எடு.”

“அது வேணாம்.”

“ஒறம்பரைக்கு இல்லாத கம்பளி வேற யாருக்கு?”

அப்பாயி பதில் சொல்லவில்லை. பெட்டியின் மேல் கிடந்த துணிமூட்டையை இன்னும் சற்று நடுவே தள்ளி வைத்தார். அவ்வளவுதான். பெட்டி திறக்கப்படவில்லை, அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும். நான்காம் நாள் காலை அவர்கள் தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போனார்கள். பயணம் போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அந்தக் கோச்சிக்கு எங்கள் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள். அன்றைய ஒப்பாரியில் தாத்தா அப்பாயியோடு பேசவில்லை. பல நாள் பேசவில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பிறகு நான் தமிழாசிரியன் ஆனேன். பாடசாலை இலக்கிய மன்றங்களில் விருந்தோம்பல் பற்றிப் பேசச் சொல்வார்கள். திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். விருந்தாளி வெளியே காத்திருக்கத் தேவாமிர்தமே ஆனாலும் தனியே உண்ணக் கூடாது என்கிறார். அதைச் சொல்லிவிட்டுப் பேகனுக்கு வருவேன். பொதினி மலை என்று சங்க நூல்கள் சொல்லும் பழனிப் பக்கத்துத் தலைவன், வையாவிக் கோப்பெரும்பேகன். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன். அடுத்து, நாகம் தந்த அருமையான நீல ஆடையைத் தானே வைத்துக்கொள்ளாமல் ஆலமரத்தடிக் கடவுளுக்குச் சாத்திய ஆய் வள்ளல். சிறுபாணாற்றுப்படை இருவரையும் எழுவர் வரிசையில் வைத்துப் பாடுகிறது. இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, “இந்த மலையிலும் ஒருத்தி இருந்தாள், அவளிடமும் ஒரு போர்வை இருந்தது” என்று ஆரம்பிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். மயிலுக்குக் கிடைத்தது, மனிதப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்று முடிப்பேன். கைதட்டல் தவறியதே இல்லை.

பேகன் கதையையும் நான் அரையாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது பின்னால்தான் உறைத்தது. புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகளை ஒருமுறை சேர்த்துப் படித்தேன். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்கள் இதே பேகனிடம் வந்து நிற்கிறார்கள். பொன் கேட்கவில்லை. உன் மனைவி கண்ணகி உன்னால் கைவிடப்பட்டுக் கண்ணீர் வடிக்கிறாள். அவளிடம் போ, அதுவே எங்களுக்குப் பரிசு என்கிறார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்ததை நினைவூட்டிவிட்டே பரணர் இதைக் கேட்கிறார். வெளியே வந்த மயிலுக்குப் போர்வை கிடைத்தது; வீட்டுக்குள் இருந்தவள் குளிரில் நின்றாள். கொடைக்குப் புகழ் பாடிய அதே புலவர்கள், கொடுத்தவனின் வீட்டுக்குள்ளேயும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நான் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

அப்பாயி 1981இல் இறந்தார். எந்த நாட்டின் பிரசையும் ஆகாமலே இறந்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி வைத்த அந்தக் கணக்கு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. இறப்பதற்கு ஓரிரு வருடம் முன்பு ஒரு மழை நாளில் நான் கம்பளிப் பேச்சை எடுத்தேன். கேலியாகத்தான் எடுத்தேன். அவர் கோபப்படவில்லை.

“தம்பி, இந்த ஊட்ல இருக்கிற சட்டி, முட்டி, கத்தி, கூடை எல்லாத்தையும் ஒரு தடவையாவது எவனாவது கணக்குல எழுதியிருக்கான். இது ஒண்ணுதான் எழுதாதது. எங்காத்தா எழுதிக் குடுக்கல, சும்மா குடுத்துச்சு. அவங்க திரும்பி வர்ற ஒறம்பரை இல்ல, போற ஒறம்பரை. போத்தியிருந்தா, போறப்ப அந்தப் புள்ள மேல இருந்து உருவுறதுக்கு எனக்குக் கை வந்திருக்குமா?”

அப்போதும் எனக்கு அது கருமித்தனத்துக்குச் சொன்ன சாக்காகவே பட்டது. கடன், துண்டு, சம்பளக் கழிவு என்பவற்றைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தப் பேச்சின் பாரம் தெரிந்தது. பெறுவதெல்லாம் கடனாகும் ஓர் இடத்தில், ஒருவர் அன்பாகச் செய்து கொடுத்த பொருள் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருந்தால், அதை இறுக்கிப் பிடிப்பதற்குப் பெயர் வேறு. ஆய்க்கு இன்னோர் ஆடை இருந்திருக்கும். பேகனுக்கு இன்னொரு போர்வை இருந்திருக்கும். அப்பாயிக்கு இன்னோர் ஆத்தா இல்லை. கடலுக்கு அப்பால் இருந்த அந்தத் தாயை அவர் அதற்குப் பிறகு கண்ணால் காணவே இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை நடுங்கியது உண்மை. பெட்டி திறக்கப்படாததும் உண்மை. ஆத்தா கொடுத்த கம்பளி பெரிதுதான். பிள்ளையின் மூச்சு அதைவிடப் பெரிதல்லவா?

அதற்குப் பதில் 2019இல் வந்தது. அந்தப் பிள்ளையே வந்தான்.

தாயகம் திரும்பியோர் என்று பெயர் பெற்றவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னர் டான்டீ என்று ஆன அந்தத் தோட்டங்களில் ஒன்றுக்குத்தான், கூடலூர்ப் பக்கம், சித்தப்பா குடும்பம் போய்ச் சேர்ந்தது. தேயிலையிலிருந்து தேயிலைக்கு, லயத்திலிருந்து லயத்துக்கு. அங்கே வளர்ந்து, ஐம்பதைத் தாண்டி, தான் பிறந்த மஸ்கெலியாவைப் பார்க்க வந்த தம்பி, அட்டனில் என் வீட்டில் தங்கினான். இப்போது என் வீட்டில் கம்பளிக்குப் பஞ்சமில்லை. கடையில் வாங்கிய தடித்த போர்வைகள் நான்கைந்து உண்டு. அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்பாயியின் கம்பளி என் அலுமாரியில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சொல்லும்படியான காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அப்பாயிக்காவது ஒரு நியாயம் இருந்தது.

இரவு சாப்பிட்டுவிட்டுத் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தபோது அவனே அந்த மூன்று இரவுகளைப் பற்றிப் பேசினான். என் மனம் படபடத்தது. அவன் சொன்னது இதுதான்:

“எனக்கு வேற ஒண்ணும் ஞாபகம் இல்லண்ணே. உங்க அப்பாயி ராத்திரி பூரா அடுப்பு முன்னால குந்திக்கிட்டு மிலாறு உடைச்சு உடைச்சுப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. என்னைய மடியில படுக்க வெச்சுக்கிட்டுச்சு. எப்ப முழிச்சாலும் நெருப்பு எரியும். அந்த மூணு ராவும் அது படுக்கவே இல்ல. கூடலூர்ல குளிர்றப்ப எல்லாம் அந்த அடுப்புதான் நெனப்பு வரும்.”

கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அது கனத்த விறகல்ல. சடசடவென்று எரிந்து அணைந்துவிடும். இரவு முழுவதும் அடுப்பு எரிய வேண்டுமானால் ஒருவர் கண்ணயராமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் மூன்று இரவு அப்படி இருந்திருக்கிறார். அதே காம்பராவில்தான் நானும் படுத்திருந்தேன். பதின்மூன்று வயதுத் தூக்கம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டி திறக்கப்படாததை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனேன். தாத்தாவும் அதை மட்டும்தான் பார்த்திருக்கிறார். பெட்டிக்குள் ஒரு கம்பளி இருந்த சங்கதியே தம்பிக்குத் தெரியாது. வசை முழுவதும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நெருப்பை விருந்தாளி கொண்டு போய்விட்டான்.

நான் எழுந்து அலுமாரியைத் திறந்து கம்பளியை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன், மேடைக் கதை உட்பட. அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நடுத் தையலைக் கையால் தடவிக்கொண்டே போனான். சிவப்பு நூல் இப்போது பழுப்பேறியிருக்கிறது. பத்து முடிச்சில் இரண்டு அவிழ்ந்துவிட்டன. “இன்னிக்கு இதைப் போத்திக்க” என்றேன். சிரித்தான். “வேணாம்ணே. இத்துப்போகும். மடிச்சு வைங்க” என்றான். பிறகு பொயிலைத் துண்டு வைத்திருக்கிறேனா என்று கேட்டான். கூடலூரில் அவன் அம்மாவும் அப்படித்தான் வைப்பாராம்.

கம்பளைக்கு அருகில் ஓல்ட் பீகொக் என்ற தோட்டத்தில், பழைய லயத்தையே திருத்தி, தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் அரும்பொருளகம் 2007 முதல் இருக்கிறது. இந்தக் கம்பளியை அங்கே கொடுத்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். பீகொக் என்றால் மயில். மயிலின் பெயர் கொண்ட தோட்டத்துக்குப் போர்வை கொடுத்தால் நானும் பேகன் ஆகிவிடுவேன் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். கொடுக்க வேண்டியதுதான். மற்றவர் பிள்ளைகளும் அந்த முடிச்சுகளை எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் இன்னும் கொடுக்கவில்லை. எனக்கு வருகிற சித்திரையில் பேரப்பிள்ளை பிறக்க இருக்கிறது. அது முதலில் ஒருமுறை அதில் கிடக்கட்டும் என்று தோன்றுகிறது.

மேடைக்கு ஒரு நல்ல கதை போய்விட்டது. இனி எங்காவது விருந்தோம்பலைப் பற்றிப் பேசச் சொன்னால், பேகனை முழுவதுமாகச் சொல்வேன். பிறகு அந்த அடுப்பைப் பற்றிச் சொல்வேன். சபை சிரிக்காது. பரவாயில்லை.